ஊமத்தையும் பூச்சிமருந்தும் ஒரு சிறு மாத்திரையும்

கொள்ளிடத்தின் வடகரையில், ஜெயங்கொண்டத்துக்கும் கும்பகோணத்துக்கும் இடைப்பட்ட பூமியில் இருக்கிறது தா.பழூர். ஆற்றை ஒட்டி நெல் வயல். வடக்கே போகப் போகச் செம்மண், முந்திரிக்காடு. வாய்க்கால் கரை, சுடுகாட்டு மேடு, இடிந்த வீட்டின் குட்டிச்சுவர் என்று யாரும் உரிமை கொண்டாடாத இடங்களில் ஊமத்தை முளைத்துக் கிடக்கும். ஆடுகூட வாய் வைக்காது. சிவன் கோயிலுக்கு மட்டும் அதன் பூ போகும். முதுமையில் மூளை நினைவை இழப்பது எப்படி என்ற ரசாயனத்தை உலகம் புரிந்துகொண்ட கதையில் இந்தச் செடிக்கு ஒரு பங்கு உண்டு. பக்கத்து வயலில் தெளிக்கப்படும் பூச்சிமருந்துக்கும் உண்டு. இரண்டையும் நன்றாக அறிந்த ஊர்களுக்கு, அவை சுட்டிக்காட்டிய நோய் மட்டும் நோயாக அறிமுகமாகவே வெகுகாலம் பிடித்தது.

ஊமத்தை விதையின் குணம் இந்தியாவில் வைத்தியர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வழிப்பறிக்காரர்களுக்கும் தெரிந்திருந்தது. கல்கத்தாவில் பணியாற்றிய நார்மன் செவர்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1856-இல் வெளியிட்ட சட்ட மருத்துவ நூலில் இதற்குப் பல பக்கங்களை ஒதுக்கினார். வழிப்போக்கனோடு நட்பாகி, அவன் உணவில் விதைப்பொடியைக் கலந்துவிடுவது திருடர்களின் வழக்கம். நாக்கு வறளும், கண்மணி விரியும், ஆள் தனக்குத்தானே முணுமுணுப்பான், காற்றில் இல்லாத நூலைப் பிடித்து இழுப்பான். மூட்டை முடிச்சு போய்விடும். காவலர்களுக்குத் தலைவலி அதற்குப் பிறகுதான். தெளிந்து எழுந்தவனுக்கு நடந்தது பெரும்பாலும் நினைவில் இருக்காது. உயிரை விட்டுவைத்து நினைவை மட்டும் கொண்டுபோகும் நஞ்சு, திருடனுக்கு இரட்டை லாபம்.

அதே செடி மருந்தாகச் சீமைக்குப் போனது சென்னையிலிருந்துதான். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைத் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், சைதாப்பேட்டைப் பக்கம் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டு அதில் சாயப்பூச்சி வளர்க்கப் பார்த்தவர், எதையும் முயன்று பார்க்கும் ரகம். மூச்சிரைப்புக்கு ஊமத்தைப் புகை பிடிக்கும் இந்த நாட்டுப் பழக்கத்தை அவர் ஜெனரல் ஜென்ட் என்ற படைத்தளபதிக்குச் சொன்னார். ஜென்ட் 1802-இல் அதைப் பிரிட்டனுக்கு எடுத்துச் சென்றார். அடுத்த நூறு ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பிய மருந்துக் கடைகளில் ஆஸ்துமா சிகரெட் விற்றது. சுருங்கிய மூச்சுக்குழாயை அந்தப் புகை தளர்த்தியது. ஏன் தளர்த்தியது என்று சொல்ல அப்போது ஆளில்லை.

ஊமத்தை இனத்துச் செடிகளில் இருக்கும் சரக்குகளில் ஒன்று ஸ்கோபாலமின். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகர மகப்பேறு மருத்துவமனையில் கார்ல் காஸ் என்ற மருத்துவர் இதை மார்ஃபினுடன் சேர்த்துப் பிரசவ வலிக்குக் கொடுத்தார். அந்தப் பெண்கள் கத்தினார்கள், துடித்தார்கள். வலி முழுதாகப் போகவில்லை. பிள்ளை பிறந்த பிறகு வலித்ததாக நினைவில்லை என்றார்கள். அளவு சரிதானா என்று பார்க்க காஸ் கையாண்ட முறைதான் நம் கதைக்கு முக்கியம். ஒரு பொருளைக் காட்டுவார். சற்று நேரம் கழித்து அதையே காட்டி, இதை முன்பு பார்த்தீர்களா என்று கேட்பார். பார்த்த நினைவே இல்லை என்றால் அளவு போதும். இன்று முதியோர் மருத்துவர் மூன்று சொற்களைச் சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்பதற்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை. காஸ் மருந்தால் மறதியை உண்டாக்கினார். இவர்கள் தானாக வந்த மறதியை அளக்கிறார்கள்.

இந்தச் சரக்கு மூளையில் எதைத் தடுக்கிறது என்பதற்கு விடை வந்த வழி விசித்திரமானது. 1921-இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ லோவி ஒரு சோதனையைக் கனவில் கண்டார். விழித்துக் காகிதத்தில் குறித்தார். காலையில் பார்த்தால் தன் கையெழுத்தே புரியவில்லை. மறுநாள் இரவு அதே கனவு வந்தபோது நேராக ஆய்வகத்துக்கு ஓடினார் என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். துடிக்கும் இரண்டு தவளை இதயங்களை எடுத்து, ஒன்றின் நரம்பைத் தூண்டித் துடிப்பைக் குறைத்தார். அதைச் சுற்றியிருந்த நீரை எடுத்து இரண்டாவது இதயத்தின் மேல் விட்டார். அதுவும் மெதுவானது. நரம்பு பேசுவது ரசாயனத்தால் என்று தெரிந்தது. அந்த ரசாயனம் அசிட்டைல்கோலின். லோவிக்கும் பிரிட்டனின் ஹென்றி டேலுக்கும் 1936-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் சுரக்கிறது, அடுத்த செல்லின் ஏற்பியில் போய் அமர்கிறது, வேலை முடிந்ததும் ஒரு நொதி அதை உடைத்து அப்புறப்படுத்துகிறது. கொள்ளிடக் கரை விவசாயிக்கு இதை விளக்குவது எளிது. மடை வழியாக வயலுக்குத் தண்ணீர் வருகிறது. வடிகால் வழியாக வெளியேறுகிறது. ஊமத்தை, வந்த தண்ணீர் வேரில் ஏறாதபடி செய்கிறது. வடிகாலை அடைத்தால் என்ன ஆகும் என்பது வேறு கதை. அது பூச்சிமருந்துக் கதை, பின்னால் வருகிறது.

1974-இல் அமெரிக்க நரம்பியலாளர் டேவிட் டிராக்மன், ஜேனட் லெவிட் இருவரும் நல்ல ஆரோக்கியத்தில் இருந்த இளைஞர்களுக்கு ஸ்கோபாலமின் ஊசி போட்டு நினைவுச் சோதனை வைத்தார்கள். சொன்ன எண்களை உடனே திருப்பிச் சொல்வதில் அவர்களுக்குச் சிரமம் இல்லை. புதிதாகக் கேட்டதைச் சேமித்து வைத்து எடுப்பதில்தான் தடுமாறினார்கள். மதிப்பெண் வரைபடத்தைப் பார்த்தால் மருந்தே போடாத முதியவர்களின் வரைபடம்போல இருந்தது. சில மணி நேரத்துக்கு இருபது வயதுப் பையன் எண்பது வயதுக் கிழவராகி, மருந்து இறங்கியதும் திரும்பிவிட்டான். அப்படியானால் முதுமை மறதியில் குறைவது இதே ரசாயனமாக இருக்குமோ?

இரண்டே ஆண்டில் பதில் வந்தது. எடின்பரோவில் பீட்டர் டேவிஸும் ஏ. மலோனியும் அல்சைமர் நோயில் இறந்தவர்களின் மூளைகளை எடுத்துப் பல நொதிகளை அளந்தார்கள். அசிட்டைல்கோலினைத் தயாரிக்கும் நொதி, நினைவுக்கான பகுதிகளில் வெகுவாகக் குறைந்திருந்தது. லண்டனிலும் நியூகாசிலிலும் வேறு குழுக்கள் இதையே கண்டன. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில், மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் மெய்னெர்ட் முடிச்சு என்ற சிறு செல் கூட்டம்தான் இந்த நோயில் அழிந்து போகிறது என்று காட்டினார்கள். பெருமூளைப் புறணிக்கு அசிட்டைல்கோலினை அனுப்பும் தலைமடை அது. ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஆகுஸ்டே டேட்டர் என்ற ஐம்பத்தொரு வயதுப் பெண்ணின் தடுமாற்றத்தை 1901-இல் பார்த்து, அவர் இறந்தபின் 1906-இல் மூளையை நுண்ணோக்கியில் வைத்த ஆலோயிஸ் அல்சைமர், படிவுகளையும் முறுக்கிக்கொண்ட இழைகளையும் கண்டிருந்தார். அந்தக் கோலத்துக்குள் எந்தச் சரக்கு தீர்ந்துபோகிறது என்பதைச் சொல்ல எழுபது ஆண்டு ஆகியிருந்தது.

இனி வடிகால்.

1936 டிசம்பரில் ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தில் பூச்சிமருந்து தேடிக்கொண்டிருந்த கெர்ஹார்ட் ஷ்ராடர் டாபுன் என்ற சேர்மத்தை உண்டாக்கினார். பூச்சியோடு மனிதனையும் கொல்லும் என்று தெரிந்ததும் ராணுவம் அதை வாங்கிக்கொண்டது. அதே பாஸ்பரஸ் குடும்பத்தில் பின்னர் பராத்தியான் போன்ற வயல் மருந்துகள் பிறந்தன. இவற்றின் வேலை ஒன்றுதான்: அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதியைப் பூட்டிவிடுவது. வடிகால் அடைபட்டால் வயல் மூழ்கும். எச்சில் பெருகும், வியர்க்கும், கண்மணி ஊசிமுனையாகும், நாடி தளரும், கடைசியில் மூச்சுத் தசை நிற்கும்.

இந்த மருந்துகள் காவிரி, கொள்ளிடப் பக்கம் வந்ததற்கு ஒரு பின்னணி உண்டு. ஆர்தர் காட்டன் 1836-இல் அணைக்கரையில் கீழணையைக் கட்டியதிலிருந்தே ஆற்றின் இருபுறமும் நெல்லை நம்பிய வாழ்க்கைதான். ஆனால் பழைய நாட்டு ரகங்களுக்குச் சாணியும் தழையும் போதும்; பூச்சி வந்தால் வேப்பங்கொட்டை, சாம்பல். 1960களின் தொடக்கத்தில் பழைய தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1960களின் நடுவில் குறுவைக்கு ஏ.டி.டி. 27 ரகத்தை வெளியிட்டது. உரம் அதிகம் கேட்கும் பயிர், உரம் போட்டால் பசேலென்று செழிக்கும், செழித்தால் பூச்சி அழையா விருந்தாளியாக வரும். கூட்டுறவுச் சங்கத்திலும் உரக்கடையிலும் பூச்சிமருந்து வந்து உட்கார்ந்தது. பருத்திக்கு நெல்லைவிட அதிகமாகவே அடித்தார்கள். பெரும்பாலும் வெற்றுடம்போடு, காற்றுக்கு எதிராக, மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு.

இந்த நஞ்சு ஏறி மருத்துவமனைக்குத் தூக்கி வரப்பட்டவர்களுக்கு முதலில் போடும் ஊசி அட்ரோபின். ஊமத்தையிலும் இருக்கும் சரக்கு. வடிகாலைத் திறக்க அதனால் முடியாது; மூழ்கிய வயலில் வேரை மட்டும் தண்ணீரிலிருந்து காப்பாற்றுகிறது. அளவு சற்று மிஞ்சினால் நோயாளி படுக்கைவிரிப்பைப் பிறாண்டுவார், இல்லாத ஆளிடம் பேசுவார், மகனைப் பார்த்து யார் என்பார். கூட இருப்பவர்கள், பேய் பிடித்துவிட்டதா, மூளை போய்விட்டதா என்று பதறுவார்கள். ஓரிரு நாளில் தெளிந்துவிடும். தமிழ்நாட்டின் மாவட்ட மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற எந்த மருத்துவரும் இதைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார். அசிட்டைல்கோலின் மிகுந்தால் என்ன, தடுக்கப்பட்டால் என்ன என்று இரண்டு முனைகளையும் ஒரே கட்டிலில், ஒரே வாரத்தில் பார்த்துவிடலாம். பாடப்புத்தகம் இவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை.

தெளிப்பவர்களுக்குப் பிற்காலத்தில் மறதி நோய் அதிகம் வருமா என்ற கேள்வி இயல்பானது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு விவசாயப் பகுதி முதியவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு, தொழிலில் பூச்சிமருந்தோடு புழங்கியவர்களுக்கு அல்சைமர் அபாயம் கூடுதல் என்று 2010-இல் சொன்னது. ஒரு தொடர்பு தெரிகிறது. காரணம் என்று உறுதியாகச் சொல்ல அது போதாது.

நொதியைப் பூட்டுவதுதான் நஞ்சின் வேலை என்றால், அதை மெதுவாக, கொஞ்சமாக, மூளையில் மட்டும் செய்தால்? வரத்து குறைந்த வயலுக்கு வடிகாலைக் கொஞ்சம் அடைத்துவைத்தால் இருக்கிற தண்ணீர் சற்று நேரம் நிற்கும். முதலில் வந்த டாக்ரின் 1993-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நாளுக்கு நான்கு வேளை, அதோடு கல்லீரலுக்குக் கேடு, விரைவில் மதிப்பிழந்தது. ஜப்பானின் ஐசாய் நிறுவனத்தில் ஹாச்சிரோ சுகிமோட்டோ வேறு மூலக்கூறைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய தாய்க்கே மறதி நோய். பெற்ற மகனை அடையாளம் தெரியாமல் போனதைச் சுகிமோட்டோ பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் குழு கண்டெடுத்த டோனெபெசில் 1996-இல் வந்தது. இரவில் ஒரு மாத்திரை. சென்னையிலும் திருச்சியிலும் முதியோர் மருத்துவர்கள் இன்று எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் இதைத்தான்.

இதன் பக்கவிளைவுகளைப் படித்தால் வயல்காட்டு நெடி அடிக்கும்: குமட்டல், வயிற்றுப்போக்கு, நாடி குறைதல், சிலருக்கு மயக்கம். நஞ்சின் அறிகுறிகளே, அளவில் சிறியவை. பலனும் சிறியதுதான். சிலருக்குச் சில மாதங்கள், அதிகம் போனால் ஓரிரு ஆண்டு, பேச்சும் கவனமும் சற்றுத் தெளிவாக இருக்கும். செல்கள் சாவது நிற்பதில்லை. தலைமடையே இடிந்து கொண்டிருக்கும்போது வடிகாலை அடைத்து எத்தனை நாள் சமாளிக்க முடியும்?

இடிப்பது எது என்பதில் அறிவியல் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. 1984-இல் ஜார்ஜ் கிளென்னர் குழு, அல்சைமர் கண்ட படிவு எந்தப் புரதம் என்று பிரித்துக் காட்டியது, அமிலாய்டு பீட்டா. அதை அகற்றினால் நோய் நிற்கும் என்ற நம்பிக்கையில் எத்தனையோ மருந்துகள் தோற்றன. 2023-இல் லெக்கனெமாபும் 2024-இல் டொனனெமாபும் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றன. படிவு கரைகிறது, சரிவு கொஞ்சம் மெதுவாகிறது. ஆனால் நரம்பு வழியே சொட்டு மருந்தாக ஏற்ற வேண்டும், மூளை வீக்கமோ கசிவோ வருகிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தா.பழூரிலிருந்து எம்.ஆர்.ஐ.க்கு ஆளைக் கூட்டிப் போவதே ஒரு நாள் பிழைப்பைக் கெடுக்கும் வேலை.

புதிய மருந்தைவிட அவசரமான விஷயம் ஒன்று வீட்டு மருந்துப் பையிலேயே இருக்கிறது. சளிக்கும் அரிப்புக்கும் தாராளமாகக் கொடுக்கப்படும் குளோர்பெனிரமின், தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் போன்றவை அசிட்டைல்கோலினைத் தடுக்கும் குணம் கொண்டவை. இளையவருக்குத் தூக்கம் வரும், அவ்வளவுதான். ஏற்கெனவே வரத்து குறைந்த முதியவருக்குக் குழப்பமும் மறதியும் கூடும். ஒரு மருத்துவர் டோனெபெசில் எழுத, இன்னொரு இடத்தில் சளி மாத்திரை வாங்கிப் போட, இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். மறதி என்று கூட்டி வரும் முதியவரிடம் முதலில் மாத்திரைப் பையைக் கொட்டிக் காட்டச் சொல்ல வேண்டும் என்பது முதியோர் மருத்துவத்தின் பாலபாடம்.

ஆனால் அதற்கு முன், யாராவது அவரை மருத்துவமனைக்குக் கூட்டி வர வேண்டும். வயசாகிவிட்டால் அப்படித்தான் என்று வீட்டோடு வைத்துக்கொள்வதே நம் ஊர் வழக்கம். அதை அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. சாப்பிட்டதை மறந்து மறுபடி சோறு கேட்கும் மாமியாருக்கு இன்னொரு கவளம் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கும் மருமகள், ஒரு நோயைச் சமாளித்துக்கொண்டிருக்கிறாள். அது அவளுக்குத் தெரியாது, அவ்வளவே.

இந்த வழக்கம் எண்ணிக்கையைப் பொய்யாக்கியது. 1990களில் சென்னை மனநல மருத்துவர்கள் எஸ். ராஜ்குமாரும் அவருடைய சகாக்களும் திருப்போரூர்ப் பகுதிக் கிராமங்களில் அறுபது வயதுக்கு மேற்பட்ட 750 பேரை வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். நூறில் மூன்றரை பேருக்கு மறதி நோய். தமிழ்நாட்டுக் கிராமத்தில் இதை எண்ணிய முதல் முயற்சிகளில் இது ஒன்று. 1992-இல் கேரளத்தில் மருத்துவர் ஜேக்கப் ராய் குரியாக்கோஸ் அல்சைமர் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். 1998-இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் 10/66 என்ற பெயரில் ஒரு குழு அமைத்தார்கள். நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வாழும் ஏழை நாடுகளில் ஆய்வு பத்து சதவீதம்கூட நடக்கவில்லை என்பது அந்தப் பெயரில் இருந்த குற்றச்சாட்டு.

10/66 குழுவின் இந்தியக் களங்கள் இரண்டும் தமிழ்நாட்டில்: நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூர் அருகே கணியம்பாடி வட்டாரம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி பல பத்தாண்டுகளாக வீட்டு வாசல் வரை போய்ப் பழகிய பகுதி அது. முடிவுகள் 2008-இல் லான்செட் இதழில் வந்தபோது ஒரு எண் துருத்திக்கொண்டு நின்றது. அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் இலக்கணப்படி பார்த்தால் கியூபாவில் 6.3 சதவீத முதியோருக்கு மறதி நோய்; இந்தியக் கிராமத்தில் வெறும் 0.3 சதவீதம். கணியம்பாடிக் காற்றில் அமுதம் இருந்ததா? குழு தன் சொந்த அளவுகோலால் பார்த்தபோது எல்லா நாட்டுக் களங்களும் 5.6 முதல் 11.7 சதவீதத்துக்குள் வந்துவிட்டன, இந்தியக் கிராமமும் சேர்த்துத்தான்.

வித்தியாசம் கேள்வியில் இருந்தது. அமெரிக்க இலக்கணத்தின்படி மறதி மட்டும் போதாது. அன்றாட வேலையும் கெட்டிருக்க வேண்டும். வீட்டாரிடம் கேட்டால், அவருக்கு என்ன வேலை, திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பார்கள். வேலை எதிர்பார்க்கப்படாத இடத்தில் வேலை கெட்டதாகப் பதிவாவதில்லை. மரியாதையே நோயை மறைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

முதியவரிடம் நேரடியாகக் கேட்கும் கேள்விகளிலும் இடறல் உண்டு. உலகம் முழுக்கப் புழங்கும் மனநிலைச் சோதனை 1975-இல் அமெரிக்காவில் மார்ஷல் ஃபோல்ஸ்டீன் உருவாக்கியது. இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி, ஒரு வாக்கியம் எழுது, இந்தப் படத்தைப் பார்த்து வரை. பென்சிலே பிடிக்காத கைக்கு இது நினைவுச் சோதனையாக இருக்காது, பள்ளிக்கூடச் சோதனையாகிவிடும். ஆங்கிலத் தேதி தெரியாத பாட்டிக்கு அமாவாசை எப்போது, ஆடிப்பெருக்குக்கு எத்தனை நாள், யார் வீட்டுக் காதுகுத்துக்கு எவ்வளவு மொய் வைத்தோம் என்பது விரல்நுனியில் இருக்கும். ஹரியானாவின் வல்லப்கரில் இந்தோ அமெரிக்க ஆய்வுக் குழு 1990களில் இந்தச் சோதனையை மாற்றி அமைத்தது. எழுதச் சொல்லாமல், வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்றது. குடும்பத்தாரிடம் கேட்க வேறொரு கேள்விப் பட்டியலும் செய்தார்கள். சாப்பிட்டதை மறந்து மறுபடி கேட்கிறாரா, பண்டிகை நினைவிருக்கிறதா, வீட்டுக் கல்யாணப் பேச்சில் கருத்துச் சொல்கிறாரா. மறதியை வீட்டு முற்றத்தில் வைத்து அளக்கும் கேள்விகள் இவை. கிராமத்தை எண்ணுவதற்கு இந்த நாட்டில் செய்யப்பட்ட மிகச் சிறந்த வேலை இதுதான் என்று தோன்றுகிறது.

இவ்வளவுக்கும் பிறகு கிடைத்த நாடு தழுவிய எண்: அறுபதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம், ஏறத்தாழ 88 லட்சம் பேர். 2023-இல் வெளியான மதிப்பீடு. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம்.

பெண், கிராமம் என்ற இரண்டு சொல்லுக்கும் பின்னால் இருப்பது பெருமளவு கல்வி. மறதி நோயைத் தள்ளிப்போடும் காரணங்களில் இளவயதுப் படிப்பும் ஒன்று. படித்த மூளை, செல்கள் குறைந்தாலும் மாற்று வழி கண்டு கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும் என்று நரம்பியலாளர்கள் கருதுகிறார்கள். தா.பழூர்ப் பக்கம் இன்று எண்பது வயதில் இருக்கும் ஒரு பாட்டி 1940களின் நடுவில் பிறந்தவர். காமராசர் 1956-இல் பள்ளியில் மதிய உணவைக் கொண்டுவந்தபோது அவருக்குப் பத்துப் பதினோரு வயது. வயலிலோ தம்பி தங்கையைச் சுமக்கும் வேலையிலோ இறங்கி ஓரிரு ஆண்டு ஆகியிருக்கும். அவருடைய கடைசித் தங்கைக்குச் சோறும் பள்ளியும் கிடைத்திருக்கலாம். ஒரே வீட்டில் ஐந்தாறு வயது வித்தியாசம், அறுபது எழுபது ஆண்டு கழித்து மூளையின் கணக்கில் வந்து நிற்கிறது.

சிகிச்சை தரும் அமைப்பு மெதுவாகத்தான் கீழே இறங்கியது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் வி.எஸ். நடராஜன் 1978-இல் முதியோருக்குத் தனிப் புறநோயாளிப் பிரிவு தொடங்கினார். இந்தியாவில் அதற்கு முன்னோடி இல்லை. முதியோர் மருத்துவத்தில் பட்டமேற்படிப்பு சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996-இல்தான் வந்தது. கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறந்தது. கொள்ளிடக் கரைக்காரர்கள் எந்தப் பெரிய வியாதிக்கும் தஞ்சாவூர் அல்லது திருச்சிக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். 2007-இல் மறுபடி தனி மாவட்டமான அரியலூருக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது.

வீட்டு வாசலில் நடப்பதும் ஒன்று உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போகிறார்கள். மறதியை மனதில் வைத்து வந்த திட்டம் இல்லை. ஆனால் லான்செட் ஆணையம் 2024-இல் பட்டியலிட்ட, மாற்றக்கூடிய பதினான்கு அபாயக் காரணங்களில் அந்த இரண்டும் இருக்கின்றன. பதினான்கையும் முழுதாகச் சரிசெய்தால் உலகின் மறதி நோயில் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்களின் கணக்கு. படிப்பின்மை, காது மந்தம், புகை, மது, தனிமை, காற்று மாசு எல்லாம் அதில் உண்டு. சிமெண்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் லாரிகளும் நிறைந்த அரியலூர் மாவட்டம் கடைசியாகச் சொன்னதைச் சற்று நின்று படிக்கலாம்.

2024-இல் புதிதாகச் சேர்ந்தவை இரண்டு: கெட்ட கொழுப்பு, கவனிக்காமல் விட்ட பார்வைக் குறை. சியாட்டிலில் முதியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஒரு ஆய்வு, கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு மறதி நோய் வருவது செய்யாதவர்களைவிட ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைவு என்று 2022-இல் காட்டியிருந்தது. மூளைக்குள் வரும் வெளிச்சமும் முகங்களும் குறைந்தால் அதன் வேலையும் குறைகிறது என்பது ஒரு விளக்கம். எடின்பரோவில் அந்த நொதியை அளந்த அதே 1976-இல்தான் மதுரையில் கோவிந்தப்ப வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அன்றிலிருந்து தமிழ்நாட்டுக் கிராமங்களில் பள்ளி வளாகத்திலும் கல்யாண மண்டபத்திலும் இலவசக் கண் முகாம் போட்டு, புரை முற்றிய பாட்டிகளைப் பேருந்தில் ஏற்றிப் போய் அறுவை முடித்துத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். அந்தப் பேருந்தில் ஏறியவர்களில் எத்தனை பேரின் நினைவு அதனால் சில ஆண்டு கூடுதலாக நின்றது என்று அந்த முகாம்களில் யாரும் கணக்கெடுத்ததில்லை. மறதி அப்போது கண் மருத்துவர் கேட்கும் கேள்வியாகவே இருக்கவில்லை.